மலைவீட்டில் ஒரு விருந்தினர் அறை



டெல்லியிலும் மும்பையிலும் புனேயிலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துக் களைத்த நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. வேலையை விட்டுவிடலாம், வருங்கால வைப்பு நிதியை எடுத்து மலைப்பக்கம் ஒரு வீட்டைப் பிடிக்கலாம், மூன்று நான்கு அறைகளை விருந்தினருக்கு விட்டு, அவர்களுக்குக் காலை உணவும் கொடுத்து, நிம்மதியாக வாழலாம் என்பதே அப்பேச்சு. கோடை விடுமுறையில் நைனிதாலுக்கோ மணாலிக்கோ சென்று மூன்று நாள் தங்கி வந்த கணவர் இதைச் சொல்லுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மனைவி மட்டும் ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனத்துக்குத் தக்க காரணம் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

இத்தொழிலை மேல்நாட்டார் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்பர். நம் நாட்டில் ஹோம்ஸ்டே என்ற பெயரே நிலைத்துவிட்டது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, இவ்வகை வீட்டில் விருந்தினருக்கென்று குறைந்தது 1 அறையும் அதிகபட்சமாக 6 அறைகளும், மொத்தத்தில் 12 படுக்கைகளும் இருக்கலாம். வீட்டுக்காரர் தம் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் அரசாங்கக் காகிதத்துக்கான வாசகம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். என் எண்ணத்தில், முழுத் தொழிலும் அதன்மேல்தான் நிற்கின்றது.

சூனேம் ஊரின் கனம்பொருந்திய ஸ்திரீயை நம் வாசகர்கள் அறிவார்கள். எலிசா தீர்க்கதரிசிக்காக அவள் ஆயத்தப்படுத்திய மேல்மாடி அறையில் கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்கே பொருள்கள் இருந்தன. அறையைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், அவள் தன்னைக் குறித்துச் சொன்னதைக் கவனிப்பதில்லை. தன் ஜனத்தின் நடுவே குடியிருப்பவள் என்றே அவள் தன்னை அறிமுகப்படுத்துகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு, லடாக்கில் நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

லே நகருக்கு அருகே ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் ரும்பாக் என்றொரு சிற்றூர் உள்ளது. வாற்கோதுமை பயிரிட்டு, ஆடும் யாக்கும் வளர்த்துப் பிழைக்கும் மக்கள். அம்மலைகளில் பனிச்சிறுத்தை உலாவுகின்றது. அது இரவில் பட்டிக்குள் இறங்கினால் ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. மிரண்டு ஓடும் ஆடுகளையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் போய்விடும். ஆகவே கிராமத்தார் பனிச்சிறுத்தையைப் பகைத்தார்கள். சில இடங்களில் கொல்லவும் செய்தார்கள். அக்கம்பக்கத்து மலைப்பாதைகளில் வெளிநாட்டார் கூட்டங்கூட்டமாக நடந்து போனபோதிலும், கூடாரமும் உணவும் நகரத்திலிருந்தே வந்ததால் கிராமத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் குப்பைதான்.

லடாக்கியரான ரின்சென் வாங்சுக் என்பவரும் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்களும் 2002 வாக்கில் அவ்வூராரோடு உட்கார்ந்து பேசினார்கள். அப்பேச்சிலிருந்து பிறந்ததே ஹிமாலயன் ஹோம்ஸ்டே. புதிதாக ஒரு கட்டடமும் எழுப்பப்படவில்லை. இருக்கும் வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, தரையில் மெத்தையும் கம்பளமும் விரித்தார்கள். விருந்தினர் குடும்பத்தோடு சமையலறையில், பித்தளை, செம்புப் பாத்திரங்கள் அடுக்கிய சுவரின் எதிரே அமர்ந்து, கோதுமை மாவுத் துண்டுகளைக் காய்கறியோடு வேகவைத்த ஸ்கியூவும் வெண்ணெய்த் தேநீரும் அருந்துவார்கள். கழிப்பிடம் அவ்வூர் வழக்கப்படி மண் தூவும் உலர் கழிப்பிடம். நெகிழிப் புட்டிகளுக்குப் பதிலாகக் கொதிக்கவைத்த நீர். விருந்தினரை வீடுகளுக்கு முறைவைத்து அனுப்பினார்கள். ஆகையால் வசதியுள்ள வீடே எல்லாரையும் இழுத்துக்கொள்ள இயலாது. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குச் சென்றது. பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போடவும் உதவி கிடைத்தது. வீட்டுப் பெண்களே இதை நடத்தினார்கள். பணமும் அவர்கள் கையிலேயே வந்தது. இப்போது ஜனவரி முதல் மார்ச் வரை, வேறெந்தப் பயணியும் எட்டிப்பார்க்காத கடுங்குளிரில், அந்தப் பனிச்சிறுத்தையைக் காண்பதற்கென்றே உலகத்தின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆட்டைத் தின்ற மிருகமே வீட்டுக்கு அரிசியும் சர்க்கரையும் வாங்கித் தருகின்றது.

ரும்பாக்கின் தாய்மார் தம் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை, தம் தொழிலையும் விடவில்லை. வயலும் ஆடும் முன்போல இருந்தன. ஓர் அறையின் வருமானம் அவற்றோடு சேர்ந்தது. ஆண்டு மோசமாகி ஒருவரும் வராமற்போனாலும் அடுப்பு எரியும். கொரோனா நோயால் 2020-இல் பாதைகள் அடைபட்டன. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட பின்பு காஷ்மீர்ப் பயணங்கள் பெருமளவில் ரத்தாயின. இத்தகைய ஆண்டுகளில் வயலுள்ளவன் வயலுக்குத் திரும்பினான். வங்கிக் கடனில் அறை கட்டியவன் எங்கே திரும்புவான்?

நம் குடும்பங்களின் கனவு இதற்கு நேர்மாறாகத் தொடங்குகின்றது. வீடு வேறொருவருடையது, மொழி வேறு, கையிலுள்ள சேமிப்பு முழுவதும் உள்ளே போகின்றது. கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். மூன்று அறைகள், நாள் வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மே, ஜூன், அக்டோபர், டிசம்பர்க் கடைசி, நீண்ட வாரயிறுதிகள் என்று எல்லாம் சேர்த்து ஓர் அறைக்கு ஆண்டில் 110 இரவுகள் ஆள் வந்தால் அது நல்ல ஆண்டு. மொத்தம் 6,60,000 ரூபாய். முன்பதிவு நிறுவனங்களின் தரகு 15 விழுக்காடு என்றால் 99,000 போயிற்று. உணவுக்கும் எரிவாயுவுக்கும் அறைக்கு 400 வீதம் 1,32,000. ஓர் உதவியாளருக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000. வீட்டுக் குத்தகை மாதம் 20,000 வீதம் 2,40,000. இவையெல்லாம் போக மீதி 45,000 ரூபாய். அதிலிருந்துதான் மின்கட்டணமும், உடைந்த குழாயும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும். அதே மூன்று அறைகளை அவ்வூர்க் குடும்பம் தன் சொந்த வீட்டில், தன் கைகளாலேயே நடத்தினால் குத்தகையும் கூலியும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சுவது 4,29,000. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எந்த இரண்டு வரிகள் நம்மை விழுங்குகின்றன என்பது மாறாது.

நிலத்தை வாங்கிவிட்டால் குத்தகை இல்லையே என்பீர்கள். ஹிமாசலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் நிலச்சீர்திருத்தச் சட்டம், 118-ஆம் பிரிவின்படி, அம்மாநிலத்து விவசாயி அல்லாதவர் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்க இயலாது. உத்தராகண்டில் 2025-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், ஹரித்வார், உதம்சிங் நகர் நீங்கலான 11 மாவட்டங்களில் வெளிமாநிலத்தார் விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்குவதைத் தடுக்கின்றது. "உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிக்கொள்வோம், ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொள்வோம்" என்று சொல்லும் தரகர்கள் உண்டு. அப்படிப்பட்ட காகிதத்தை நம்பிச் சேமிப்பைக் கொடுப்பது, சாவியையும் வீட்டையும் சேர்த்து அந்நியனிடம் கொடுப்பதற்குச் சமம். தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி மனைவியின் மௌனத்துக்கு வருவோம். விருந்தினர் எழுமுன் ஐந்து மணிக்கு எழவேண்டும். மின்சாரம் போயிருந்தால் கீஸர் வேலைசெய்யாது. விறகு மூட்டி வெந்நீர் வைக்கவேண்டும். வெந்நீரும் சூடான தேநீரும் நேரத்துக்கு வந்தால் மலைவீட்டு விருந்தினர் மற்ற குறைகளைப் பெரும்பாலும் மன்னிப்பார்கள். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 2,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலும், லே நகரின் 3,500 மீட்டரில் 88 டிகிரியளவிலும் கொதித்துவிடுகின்றது. ஆகவே திறந்த பானையில் பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும். பிரஷர் குக்கர் இன்றி அங்கே சமையல் இல்லை. நம்மவர் இட்லி போட்டுக் காலை உணவுக்குப் பேர்வாங்கலாம் என்று நினைக்கிறார்கள். குளிரில் மாவு புளிக்காது. புகாரி அடுப்பின் அருகே கம்பளி சுற்றி வைத்துக் காவல் காக்கவேண்டும். (பராட்டாவே போதும். மலைக்கு வந்தவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.) கனமான ரஜாய்கள் மழைக்காலத்தில் காயமாட்டா, உறைகளைத் துவைக்கலாம், உள்ளிருக்கும் பஞ்சை வெயில் வந்தால்தான் உலர்த்தலாம். குளிர்காலத்தில் குழாயில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். மே, ஜூன் மாதங்களில், விருந்தினர் நிறைந்திருக்கும் அதே வேளையில், ஊற்று சுருங்கிவிடும். இமயமலையின் வற்றாத ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி, வற்றிவிட்டன அல்லது பருவகால ஊற்றுகளாகிவிட்டன என்று நிதி ஆயோக் 2018-இல் எழுதியது. மூன்று அறைகளின் குளியல் நீருக்காக, ஊர்ப் பெண்கள் குடத்தோடு நிற்கும் ஊற்றில் நாம் குழாய் போட்டால், அவ்வூரில் நம்மை யார் அண்டைவீட்டாராக எண்ணுவார்கள்?

இவ்வளவும் யார் தலையில் விழும் என்பது மனைவிக்குத் தெரியும். வேறொன்றும் தெரியும். நம் குடும்பங்கள் பலவற்றில் செவிலியராக அவர் வாங்கும் சம்பளமே வீட்டுக் கடனைக் கட்டுகின்றது. அவரும் வேலையை விட்டால் அவ்வருமானம் நிற்கும். கணவருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: ஊழியர் ஓய்வூதியத்தை 50 வயதிலேயே பெறத் தொடங்கினால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைத்தே தருவார்கள். அந்தக் குறைவு பின்னர் நிரப்பப்படுவதில்லை.

மலையின் ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 2013 ஜூனில் கேதாரப் பள்ளத்தாக்கு, 2023 ஜனவரியில் ஜோஷிமட், அவ்வாண்டு மழையில் ஹிமாசலம், 2025 ஆகஸ்ட் 5 அன்று தராலி. தராலியில் கீர் கங்கா ஓடையின் ஓரத்தில் இருந்த விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் சில நிமிடங்களில் சேற்றுக்குள் போயின. நதி தெரியும் அறைக்கு வாடகை அதிகம் என்பதால் புதியவர்கள் நதியை நோக்கி இறங்கிக் கட்டுகிறார்கள். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால், அவ்வூரின் பழைய வீடுகள் எங்கே நிற்கின்றன என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் ஒருவரும் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். உண்மையிலேயே மலையில் வாழ மனமுள்ள குடும்பங்கள் உண்டு. அவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் மே மாதத்தில் வீடு பார்க்காதீர்கள். பிப்ரவரியில் ஒரு மாதமும், ஆகஸ்டில் ஒரு மாதமும், ஊதியமற்ற விடுப்பு எடுத்தாகிலும், நீங்கள் விரும்பும் அதே ஊரில், ஓர் உள்ளூர்க் குடும்பத்தின் ஹோம்ஸ்டேயில் வாடகை கொடுத்துத் தங்குங்கள். கணவரும் மனைவியும் சேர்ந்தே போகவேண்டும். காலையில் அந்த அம்மாளோடு அடுப்படியில் நின்று வேலை செய்யுங்கள். மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம், பள்ளி எங்கே, ஜூனில் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, சென்ற மழையில் பாதை எத்தனை நாள் அடைபட்டது என்று அவரிடமே கேளுங்கள். ஹிந்தி போதாது, அங்கே குமாவோனியோ கட்வாலியோ பேசுகிறார்கள்.

வேறொரு வழியும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்காரர் பலருக்கு அறை இருக்கும். ஆங்கிலக் கடிதத்துக்கு மறுமொழி எழுதவோ, கணக்கு வைக்கவோ, சுற்றுலாத் துறையில் பதிவு செய்யவோ, வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்கவோ ஆள் இருக்காது. அலுவலகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்த நமக்கு அது கைவந்த காரியம். நகரத்திலிருந்தபடியே, ஒரு சிறு பங்குக்கு, இரண்டு மூன்று வீடுகளுக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கலாம். சேமிப்பில் கைவைக்கத் தேவையில்லை. ஓரிரு ஆண்டுகள் அவ்விதம் செய்தபின், ஊராரே "இங்கே வந்து இருங்கள்" என்று அழைத்தால், அப்போது மனைவியிடம் மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.