வேலையும் விசாவும்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

கடல் கடந்து உழைக்கும் தமிழரோடும், உழைத்துத் திரும்பியவரோடும், புறப்படக் காத்திருப்பவரோடும் கைகோத்து இவ்வியக்கத்தை இன்று நிறுவுகிறோம். ஏஜென்டின் வாய்ச்சொல்லே சட்டமாகவும் முதலாளியின் மனநிலையே தீர்ப்பாகவும் இருந்த காலம் முடிந்தது. அந்த முறையின் தோல்விக்கு நாங்கள் சான்று தேடப்போவதில்லை; புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் அடகுக்கடை ரசீதுகள் அதைச் சொல்லி முடித்துவிட்டன.

எங்கள் கொள்கை ஒன்றே: வேலையும் விசாவும் ஒரே முடிச்சு. சம்பள பாக்கியைத் தொழிலாளர் சட்டமாக மட்டும் பார்ப்பவர் ஒரு பாதியைப் பார்க்கிறார். பெர்மிட்டைக் குடிவரவுச் சட்டமாக மட்டும் பார்ப்பவர் மறுபாதியைப் பார்க்கிறார். முழுவதையும் பார்ப்பவர் முதலாளி ஒருவரே.

சவூதியில் ‘இகாமா’ எனும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் கடமை கபீலுடையது, அதாவது விசா பொறுப்பேற்ற முதலாளியுடையது. அது காலாவதியானால் சாலையில் பிடிபடுபவர் தொழிலாளி. சம்பளம் கேட்டவர் மீது ‘ஹுரூப்’ என்ற புகார் பதிவானால், கேட்டவரே ஓடிப்போனவர் ஆகிறார். சிங்கப்பூர்ச் சட்டம் கட்டுமானத் தொழிலாளிக்கு வாரம் 44 மணி நேரம் என்று வரம்பிடுகிறது. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓ.டி. தரச் சொல்கிறது. ஆனால் ஓ.டி. கணக்குக் கேட்டவரின் வேலை அனுமதிப் பாஸைக் கேன்சல் செய்யும் வசதியும் அதே முதலாளியின் கையில் இருக்கிறது. உரிமை ஏட்டில் வாழ்கிறது. அச்சம் டார்மிட்டரியில் வாழ்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ அந்த ஏட்டிலும் இடமில்லை. அந்நாட்டின் வேலைவாய்ப்புச் சட்டம் அவரைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

ஆலோசனை என்று நாங்கள் சொல்வது ஆறுதல் வார்த்தையை அன்று. சிங்கப்பூரில் 2017 முதல் இயங்கும் வேலைவாய்ப்புக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. செலவு மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன் வழக்கைத் தானே சொல்ல வேண்டியவருக்கு அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே முன்தயாரிப்பே வாதம், முன்னறிவே வழக்கறிஞர். வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் கோரிக்கை பதிய வேண்டும் என்பதை அறியாமல், ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று திருச்சிக்கு விமானம் ஏறியவர்கள் பாக்கியை விட்டுவிட்டே வந்திருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் பணி டிக்கெட்டுக்கு முன்பே தொடங்கும். சிங்கப்பூரின் ஐபிஏ (கொள்கையளவு ஒப்புதல்) கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை ஏஜென்ட் சொன்ன தொகையோடு பக்கத்தில் வைத்துப் படிப்போம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்போம். வேலை நேரத்தை அன்றன்றே நோட்டில் குறிக்கவும், சம்பளச் சீட்டைப் படமெடுத்து ஊரில் உள்ள மனைவிக்கோ தம்பிக்கோ மாதாமாதம் அனுப்பவும் பழக்குவோம். போன் தொலையலாம், பறிக்கப்படலாம். ஊரில் இருக்கும் படம் இருக்கும். இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே. லட்சங்களில் பேரம் நடக்கும் ஊர்களில் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதுவோம்.

இலவசச் சட்ட உதவியை 1976இல் இந்திய அரசமைப்பின் 39ஏ பிரிவு உறுதியளித்தது; 1987ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. அவ்வுறுதி கடற்கரையோடு நின்றுவிட்டது. அதைக் கடல் தாண்டிக் கொண்டுசெல்வது எங்கள் பொறுப்பு.

நாங்கள் மறுப்பவற்றையும் சொல்கிறோம். மீட்ட சம்பளத்தில் பங்கு கேட்க மாட்டோம். பாஸ்போர்ட்டின் அசலை வாங்கி வைக்க மாட்டோம். அந்தப் பழக்கம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அழுகிற முகத்தைப் படமெடுத்து நன்கொடை திரட்ட மாட்டோம். உதவி தேடி வந்தவரைக் கேட்காமல் தூதரகத்துக்கோ நிருபருக்கோ அவர் பெயரைத் தர மாட்டோம். தோற்கும் வழக்கை வெல்லும் என்று சொல்ல மாட்டோம். ‘இது நிற்காது அண்ணே’ என்று முகத்துக்கு நேரே சொல்வதும் சட்ட உதவிதான், அதுவும் அவர் இன்னொரு கடன் வாங்குவதற்கு முன் சொல்வது. விசிட் விசாவில் ஏற்றி அனுப்பப்படும் அக்காமாரிடம் ‘ஏன் போனீர்கள்’ என்று விசாரணை நடத்த மாட்டோம். ‘இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள்’ என்பதே எங்கள் முதல் கேள்வி.

வழக்கறிஞர்களை அழைக்கிறோம், ஓய்வுபெற்ற தொழிலாளர் துறையினரை அழைக்கிறோம், சட்ட மாணவர்களை அழைக்கிறோம். எல்லோருக்கும் முன்பாக, பாஸ் கேன்சலாகித் திரும்பி வந்தவர்களை அழைக்கிறோம்: படிவத்தின் எந்தக் கட்டத்தில் ஆள் தடுமாறுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தந்த நாட்டுச் சட்டம் அறிந்தவர் பார்க்காமல் எந்த மனுவும் வெளியே போகாது. சவூதிக்காரர்களுக்கு வெள்ளி, சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஞாயிறு. அவர்களின் ஓய்வுநாளே எங்கள் வேலைநாள். பேச்சு தமிழில் நடக்கும், மனு எந்த மொழியில் வேண்டுமோ அந்த மொழியில் எழுதப்படும், கட்டணம் கிடையாது.