பலகையில் ஓர் அளவு, சாக்கெட்டில் ஓர் அளவு

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், குனோங் லேடாங்கின் அடிவாரத்தை ஒட்டியிருக்கும் தங்காக் பட்டணம் துணிக்கடைகளுக்குப் பெயர்போனது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் செல்லும் பழைய கடைவீடுகளில், மீட்டரும் விநியோகப் பலகையும் வாசலருகே இருக்க, தையல் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் பின்கட்டில் இருப்பது பெரும்பாலும் வழக்கம். அவ்விரண்டுக்கும் இடையே செல்லும் கம்பியையும், அதன் நடுவே யாரோ என்றோ போட்டுச் சென்ற இணைப்புகளையும் பற்றியே இந்த இதழில் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

2008-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டாக மாற்றப்பட்டது. அன்று தொட்டு நம் வயர்மேன்களில் ஒரு சாரார் எல்லாக் கணக்கையும் 230-ஐ வைத்தும், பழக்கம் விடாத மற்றொரு சாரார் 240-ஐ வைத்தும் போட்டு வருகின்றனர். ஆனால் பழைய அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்றம் நூற்றுக்கு 5, இறக்கம் 10. புதிய அளவுக்கு ஏற்றம் 10, இறக்கம் 6. அதாவது முன்பு 216 முதல் 252 வோல்ட் வரை, இப்போது 216.2 முதல் 253 வரை. மாறியது பெரும்பாலும் காகிதத்தில் உள்ள எண்ணே. வீட்டுக்குள் வரும் மின்சாரம் அந்த விசாலமான எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே 230 என்பதும் 240 என்பதும், அளந்து பார்க்காதவரை, வெறும் அனுமானங்களே.

இந்த அனுமானத்தின் விலை என்னவென்பதை எந்தக் கடையிலும் விற்கும் மின்கெண்டியின் அடிப்பாகமே சொல்லிவிடும். 220 முதல் 240 வோல்ட், 1850 முதல் 2200 வாட் என்று பல கெண்டிகளில் அச்சிட்டிருக்கும். 220-ஐ 220-ஆல் பெருக்கி 1850-ஆல் வகுத்தால் மின்தடை 26.2 ஓம், அதே தடைக்கு 240 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் 2200 வாட் சரியாக வந்து நிற்கிறது. மின்னழுத்தம் நூற்றுக்கு 9 ஏறினால் சக்தி 19 ஏறுகிறது. ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியும், ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்ட வெப்ப விதியும் சேர்ந்து நமக்கு அளித்த சொத்து இந்த வர்க்கக் கணக்குத்தான். நம் தொழிலில் இதைக் காட்டிலும் அதிகமாக உதவக்கூடிய சூத்திரம் வேறொன்றை நாம் அறியோம்.

இனிப் பின்கட்டுக்குச் செல்வோம். 240 வோல்ட், 1000 வாட் என்று குறித்த பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று. அதன் தடை 57.6 ஓம். அது சூடாகிக்கொண்டிருக்கும்போது பலகையில் 240 வோல்ட்டும், சாக்கெட்டில் 232 வோல்ட்டும், கிளாம்ப் மீட்டரில் 4.03 ஆம்பியரும் காட்டுவதாகக் கொள்வோம். பெட்டிக்குக் கிடைப்பது 935 வாட். துணி சற்றே தாமதமாக மடிப்புக் கலையும், அவ்வளவுதானே என்று பலர் மீட்டரை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். வழியில் தொலைந்த 8 வோல்ட்டைக் கேட்க வேண்டிய இடமே அதுதான். 8-ஐ 4.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 25 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் அதன் தடை 0.34 ஓம்தான்; அதில் இழக்கத்தக்கது 1.4 வோல்ட். மீதி 6.6 வோல்ட், எங்கோ தளர்ந்த திருகிலோ கருகிய முனையிலோ, 27 வாட் வெப்பமாக வெளிப்படுகிறது. சிறிய பற்றவைப்புக் கோல் ஒன்றைச் சுவருக்குள் மூட்டிவைத்து நாள் முழுவதும் மறந்துவிட்டதற்கு இது சமானம். அதே வழியில் இன்னொரு இஸ்திரிப் பெட்டியையும் மாட்டினால் ஓட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த மூட்டின் வெப்பமோ நான்கு மடங்கை நெருங்கும். இருந்தும் ஓட்டம் 8 ஆம்பியரைத் தாண்டாதபடியால், பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸோ பலகையிலுள்ள பிரேக்கரோ இதைக் கண்டு விழப்போவதில்லை. கணக்கு ஒன்றே இதைக் கண்டுபிடிக்கும்.

கணக்குக்கும் எல்லைகள் உண்டு. 240 வோல்ட், 100 வாட் இழைவிளக்கின் தடை எரியும்போது 576 ஓம். குளிர்ந்த நிலையில் ஓம்மீட்டரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. குளிர்சாதனம், மின்விசிறி முதலியவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதை வாட் என்று எழுதுவது பிழை. அங்கே திறன் காரணியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் இஸ்திரிப் பெட்டி, கெண்டி, நீர்ச்சூடேற்றி போன்ற சுத்தத் தடைச் சாதனங்களைக் கொண்டு வயரிங்கைச் சோதிப்பதற்கு இந்த எல்லைகள் குறுக்கே வருவதில்லை.

எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்று இத்தொழிலில் இருக்கும் ஒவ்வொரு வயர்மேனையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த பழைய கடைவீட்டு வேலையில், சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உரிய பாதுகாப்புடன், பலகையிலும் கடைசிச் சாக்கெட்டிலும் வோல்ட்டை அளந்து, ஓட்டத்தையும் சேர்த்து வேலைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வித்தியாசம் கம்பிக்கு உரியதைவிட அதிகமாக இருந்தால், மூட்டைத் தேடிக் கண்டு சரிசெய்யாமல் அந்தக் கடையை விட்டு வெளியேறாதீர்கள்.