ஸ்கேன் யந்திரம் யாருக்குச் சேவகம் செய்கிறது?

அமெரிக்காவில் ஒரே ஒரு ஸ்கேன் மருந்து 2024-ம் வருஷத்தில் மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் விற்றிருக்கிறது. நோயைத் தீர்க்கும் மருந்தல்ல அது. புராஸ்டேட் புற்றுநோய் உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும் மருந்து. ஊசி வழியாக ஏற்றி, நோயாளியை பெட் ஸ்கேன் யந்திரத்தில் படுக்க வைத்தால், நோய் உள்ள இடம் விளக்கு ஏற்றியதுபோல் படத்தில் தெரியும். மருந்தின் பெயர் பைலாரிஃபை. விற்கும் கம்பெனி லாந்தியஸ்.

விஞ்ஞானத்தின் வெற்றி என்கிறார்கள். வெற்றிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த வெற்றிக்குப் பணம் போட்டவர் யார், பலனை அறுப்பவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

குரைக்கும் நாயும் பார்க்கும் கண்ணும்

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சிறு சுரப்பி. வயதான காலத்தில் இதில் புற்று வருவது சகஜம். ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்த பிறகு, பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரீட்சையால் டாக்டர்கள் நோயாளியைக் கண்காணிக்கிறார்கள். சுரப்பி போய்விட்டால் அந்த அளவு ஏறக்குறைய இல்லாமலே போகவேண்டும். அது மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுபரீட்சையிலும் அப்படியே இருந்தால், நோய் திரும்பி விட்டது என்று பொருள்.

ஆனால் ரத்தம் அதற்குமேல் பேசாது. திருடன் புகுந்துவிட்டான் என்று நாய் குரைக்கும். எந்த அறையில் இருக்கிறான் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நோய் இடுப்புக்குழிக்குள் நின்றால் அங்கே கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம். எலும்புக்குப் போயிருந்தால் வைத்திய முறையே வேறு. இடம் தெரியாமல் வைத்தியம் செய்வது இருட்டில் கம்பு வீசுவதுபோல.

இடம் காட்டப் பழைய முறைகள் எலும்பு ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும். நோய் சிறு அளவில் இருக்கையில் இவை பெரும்பாலும் கையை விரித்துவிடும். புதிய முறை வேறு. இந்தப் புற்று அணுக்களின் மேற்புறத்தில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுதியாக இருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் பொருளோடு கதிரியக்க காலியத்தையோ புளோரினையோ சேர்த்து அனுப்பினால், ஒட்டிய இடத்தை யந்திரம் படம் பிடிக்கிறது.

இது விளம்பரப் பேச்சல்ல. ஆஸ்திரேலியாவில் பத்து ஆஸ்பத்திரிகளில், நோய் கடுமையானது என்று கண்டு வைத்தியம் தொடங்கவிருந்த 302 பேரை வைத்து இரண்டு முறைகளையும் பரீட்சித்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. நோய் பரவியதா இல்லையா என்பதைப் பழைய முறை 65 சதவீதமும், புதிய முறை 92 சதவீதமும் சரியாகச் சொன்னது. உடம்பில் ஏறிய கதிர்வீச்சும் பாதிக்குக் கீழே. பழைய முறையின் படத்தைப் பார்த்து 15 சதவீதம் பேருக்கு வைத்தியத் திட்டம் மாறியது. புதிய படத்தால் 28 சதவீதம் பேருக்கு மாறியது.

பணம் யாருடையது?

இந்தப் பொருளைக் கண்டுபிடித்தது எந்த முதலாளியின் மூளை?

பி.எஸ்.எம்.ஏ.-11 என்ற பொருளை உருவாக்கியது ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம். அதன் செலவில் பத்தில் ஒன்பது பங்கு ஜெர்மன் மத்திய சர்க்காருடையது; மீதி அங்குள்ள ராஜ்ய சர்க்காருடையது. முதல் நோயாளிக்கு அங்கே 2011-ல் இந்த ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பல நாட்டு ஆஸ்பத்திரிகள், எந்தக் கம்பெனியின் தயவுக்கும் காத்திராமல், தாங்களே தயாரித்துப் பயன்படுத்தின. அமெரிக்காவில் இதற்கு 2020 டிசம்பரில் அனுமதி வாங்கியதும் கம்பெனி அல்ல. கலிபோர்னியா ராஜ்யத்தின் பொதுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் கிளைகள்தான்.

நூறு கோடி டாலர் மருந்தின் கதை என்ன? அதன் மூலப்பொருள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிசாலையில் பிறந்தது. அந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க சர்க்காரின் மானியம் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பரீட்சையைத் தாங்கியதோ பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டும் சங்கங்கள்.

விதை பொதுப் பணம். உழவு பொதுப் பணம். களத்துமேட்டுக்கு மரக்காலோடு வந்து நிற்பது மட்டும் கம்பெனி!

“விலை இல்லாவிட்டால் புதுமை இல்லை” என்று கம்பெனிகளின் வக்கீல்கள் வாதாடுகிறார்கள். மருந்தை அன்றாடம் தயாரிக்கவும், கதிரியக்கம் தணிவதற்குள் ஊர் ஊராய்க் கொண்டு சேர்க்கவும் செலவுண்டு. அதற்கு நியாயமான கூலியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புதுமை விலையால் பிறந்தது என்பது பச்சைப் பொய். விலைச்சீட்டு ஒட்டுவதற்கு முன்பே ஹைடல்பர்க்கில் ஸ்கேன் எடுத்தார்களே, அது எப்படி?

விலை உயர்ந்தால் தனிச் சலுகை!

அமெரிக்காவில் 65 வயதானவர்களின் வைத்தியச் செலவுக்கு மெடிகேர் என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. புதிய ஸ்கேன் மருந்துக்கு அது முதல் மூன்று வருஷம் வரை தனியாகப் பணம் கொடுக்கும். பிறகு மருந்தின் விலையையும் ஸ்கேன் கட்டணத்துக்குள்ளேயே அடக்கிவிடும். இதை எதிர்த்துக் கம்பெனிகளும் வைத்திய சங்கங்களும் பல வருஷம் வாதாடின. கடைசியில் 2025 ஜனவரி முதல், ஒரு நாள் செலவு 630 டாலருக்கு மேற்பட்ட ஸ்கேன் மருந்துகளுக்கெல்லாம் தனியாகப் பணம் கொடுப்பதென்று முடிவாயிற்று.

நோயாளிக்கு ஸ்கேன் கிடைக்காமல் போகக்கூடாது என்பது இதற்குச் சொல்லும் காரணம். கிடைக்கவேண்டியதுதான். ஆனால் ஏற்பாட்டின் லட்சணத்தைப் பாருங்கள். விலை குறைந்த மருந்துக்குத் தனிப் பணமில்லை. விலை உயர்ந்ததற்கு உண்டு! விலையைக் குறைப்பவனுக்கு அபராதம், ஏற்றுபவனுக்கு வெகுமதி. ஆராய்ச்சிக்கு ஒருதரம் வரி கொடுத்த அதே ஜனங்கள், விலைக்கும் மறுதரம் வரி கொடுக்கிறார்கள்.

வேறு வழியே இல்லையா? ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் இந்த ஸ்கேனைப் பொது வைத்திய இன்ஷூரன்ஸில், இன்ன நிலையிலுள்ள நோயாளிக்கு என்று வரையறுத்துச் சேர்த்தார்கள். எலும்பு ஸ்கேன், சி.டி. இரண்டும் சேர்ந்து ஆகும் செலவைவிட இந்த ஒரு ஸ்கேனுக்குச் செலவு குறைவு என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே “ஏழைக்கு ரத்தப் பரீட்சை போதும், ஸ்கேன் ஆடம்பரம்” என்ற பசப்பு வார்த்தை அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

எல்லோருக்கும் ஸ்கேனா?

அப்படியானால் வயதான ஒவ்வொருவரையும் யந்திரத்தில் தள்ளவேண்டுமா? கூடாது. பணமில்லாதவனுக்கு ஸ்கேனை மறுப்பதும், பணமுள்ளவனைப் பயமுறுத்தித் தேவையற்ற ஸ்கேனை விற்பதும் ஒரே லாப வேட்டையின் இரு முகங்கள்.

பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 பேரை 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு, இந்த மூன்றில் எதைப் பெற்றிருந்தாலும், புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேரே. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது சுமார் இரு மடங்கு என்பதும் உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. அவர்களைக் கண்காணித்தது பெரும்பாலும் ரத்தப் பரீட்சையால். இன்று எம்.ஆர்.ஐ. படம் அந்தக் கண்காணிப்புக்குத் துணை நிற்கிறது. பிரிட்டனிலேயே 576 பேரிடம் நடந்து 2017-ல் வெளிவந்த பரீட்சை, முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாலில் ஒருவருக்கு ஊசி குத்திச் சதை எடுக்கும் வேதனையே தேவைப்படாது என்று காட்டியது. ஸ்கேனின் உயர்ந்த சேவை சில சமயம் “இப்போது ஒன்றும் செய்யவேண்டாம்” என்று சொல்வதுதான். இதில் லாபமில்லை. ஆகவே விளம்பரத்தில் இது வருவதில்லை.

யந்திரமும் தவறும். பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனில் விலா எலும்பில் தெரியும் புள்ளி பல சமயம் புற்றே அல்ல. அந்தப் புரதம் இல்லாத புற்றும் உண்டு. அது படத்தில் தெரியாது. எலும்பு ஸ்கேனில், மருந்து வேலை செய்து எலும்பு ஆறத் தொடங்கும்போதும் புதிய புள்ளிகள் பிரகாசிக்கும். விவரமறியாதவர் நோய் முற்றியது என்று நல்ல மருந்தை நிறுத்திவிடுவார். மறு ஸ்கேனில் உறுதி செய்யவேண்டும் என்று நிபுணர்கள் விதி வைத்திருப்பது இதனால்தான். சீக்கிரம் கண்டுபிடித்தாலே ஆயுள் நீளும் என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆகவே ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் படம் எதைக் காட்டினாலும், வைத்தியம் மாறுமா? மாறுமென்றால் நோயாளியின் மடியில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்கேன் எடுக்கவேண்டும். மாறாதென்றால் கோடீஸ்வரனுக்கும் எடுக்கக்கூடாது.

இத்தனை யந்திரங்கள் குவிந்த அமெரிக்காவில் கறுப்பு மக்கள் இந்த நோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல் சுமார் இரு மடங்கு. இந்த அநீதியின் வேர்கள் பல. ஆனால் கண் கூர்மையாவதால் மட்டும் நியாயம் பிறந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாம் கோருவது இதுதான். பொதுப் பணத்தில் பிறந்த ஸ்கேன் மருந்தைப் பொது நிலையங்கள் தயாரிக்க உரிமை வேண்டும். கம்பெனி விற்றால், பொதுப் பணம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குக் காட்டி, அதற்கேற்ப விலையைக் குறைக்கவேண்டும். யாருக்கு ஸ்கேன் என்பதை டாக்டர் நோயைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். வியாபாரி பையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இந்தக் கண்ணுக்கு ஒளி கொடுத்தவர்கள் பொதுஜனங்கள். அந்த ஒளி அவர்களுக்கே சொந்தம்.