இன்னொரு பெட்டி என்னும் மூடநம்பிக்கை

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: “நாலு கோடும் ஃபுல்லா இருக்கு சார், ஆனா ஓட மாட்டேங்குது.” பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்கேனர் நின்றுபோயிருக்கும். வாசலில் கன்டெய்னர் காத்திருக்கும். அடுக்கிய அட்டைப்பெட்டிகளின் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறாது. இதற்கு வரும் மறுமொழியும் மாறுவதே இல்லை: “இன்னொரு ஏபி போட்டுடலாம்.” ஏபி என்றால் ஆக்சஸ் பாயின்ட், கூரையில் தொங்கும் அந்த வெள்ளைப் பெட்டி. போடுவார்கள். சில வாரம் கழித்து அதே வசனம் மறுபடியும் கேட்கும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் இந்த வைத்தியத்துக்கு எதிர்ப்பே கிடையாது. முதலாளிக்கு அது எளிதில் புரிகிறது. ஐ.டி. பொறுப்பாளருக்கு அது பழி வராத வழி. விற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று பேரும் மனமொத்து ஒப்புக்கொண்ட விஷயம் தப்பாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் தப்புதான். பெரிய கூடங்களில் வைஃபை படுத்துவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றில் உள்ள நெரிசலை. நெரிசலுக்கு நடுவே இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர் இல்லை.

முதலில் அந்தக் கோடுகளைப் பார்ப்போம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு காட்ட வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. போன் தயாரிப்பவர்கள் தங்கள் இஷ்டப்படி வரைகிறார்கள். ஐபோனில் மொபைல் சிக்னல் கோடுகளைக் கணக்கிடும் சூத்திரம் முழுக்கத் தவறு என்று 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே பகிரங்கக் கடிதம் எழுதியது. பல இடங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்ததாம். வைஃபை கோட்டுக்கு இதற்கு மேல் ஒரு குறை உண்டு. பெட்டி பேசுவது போனுக்குக் கேட்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். போன் பேசுவது பெட்டிக்குக் கேட்கிறதா என்று சொல்லாது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கருவி 1 வாட் வரை அனுப்ப 2005ஆம் ஆண்டின் இந்திய விதி இடம் தருகிறது. கைபேசி அனுப்புவதோ வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. பெட்டியின் பவரை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால், கூடத்தின் மறுகோடியில் இருக்கும் போனுக்குக் கோடு நிறைந்துவிடும். அதன் பதில் மட்டும் வந்து சேராது. இதில் இன்னொரு வினையும் உண்டு. எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது போனும் ஸ்கேனரும்தான். தூரத்துப் பெட்டியே பலமாகக் கேட்கும்போது, தலைக்கு மேல் தொங்கும் பெட்டிக்கு அவை ஏன் மாறப்போகின்றன?

இனி நெரிசல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம். பேசுமுன் ஒவ்வொன்றும் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஒரே கூடத்தில் பன்னிரண்டு பெட்டிகள் தொங்கினால், சேனலுக்கு நான்கு. நான்கும் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் இருப்பதால், ஒன்று பேசும்போது மூன்று வாயை மூடிக்கொண்டிருக்கும். நான்கு பெட்டிக்குப் பணம் கொடுத்து ஒரு பெட்டியின் வேலையை வாங்குவது இப்படித்தான்.

இதைவிட மோசமான விரயம் ஒன்று கண்ணுக்கே படுவதில்லை. ஒவ்வொரு பெட்டியும் தான் வழங்கும் ஒவ்வொரு நெட்வொர்க்கின் பெயரையும் நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டுமே என்று அந்த அறிவிப்பை நொடிக்கு 1 மெகாபிட் என்ற 1997ஆம் ஆண்டு வேகத்தில் விட்டால், ஒரு பெயருக்கே அந்தச் சேனலின் நேரத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் போய்விடும். ஆபீஸ், ப்ரொடக்‌ஷன், கெஸ்ட், சிசிடிவி என்று பெயர்கள் நான்கு. ஒரே சேனலில் காதில் விழும் பெட்டிகள் ஐந்து. இருபது அறிவிப்புகள், யாரும் ஒரு எழுத்துகூட அனுப்பாதபோதே 40 சதவீத நேரம் காலி. ஆறாவது பெட்டி வந்தால் 48. பெயர்களை இரண்டாகக் குறைத்து, குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட்டாக உயர்த்தினால், அதே ஐந்து பெட்டிகளின் அறிவிப்புச் செலவு 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அந்த வேகத்தில் பேசத் தெரியாத பழைய ஸ்கேனர் ஏதாவது கிடக்கிறதா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஒரு பைசா செலவில்லை. செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, எந்தக் கொட்டேஷனிலும் இது வருவதில்லை.

இந்த நெரிசல் யாரையும் விடாது. 2010 ஜூன் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 4ஐ அறிமுகம் செய்துகொண்டிருந்தார் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். மேடையில் இணையப் பக்கம் திறக்கவில்லை. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் இயங்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அவற்றை அணைத்துவிடும்படி வந்திருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த அரங்கில் சிக்னலுக்கா பஞ்சம்?

ஒருவர் செய்வது அடுத்தவரையும் பாதிக்கும் என்ற இந்தக் கணக்கு பாலாற்றங்கரைக்காரர்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது. மதிலுக்குள் நடப்பது என் சொந்த விஷயம் என்று தோல் பதனிடும் டேனரிகள் இருந்த காலத்துக்கு, அவற்றின் கழிவு ஆற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. காற்றலைக்கும் மதில் கிடையாது. பக்கத்து ஷெட்டின் ரவுட்டர், எதிர் லாட்ஜின் ரவுட்டர், லாரி டிரைவரின் ஹாட்ஸ்பாட் எல்லாமே அந்த மூன்று சேனல்களில்தான் கலக்கின்றன. ஒருவர் பவரை ஏற்றினால் பக்கத்துக்காரரின் நேரம் கரையும். பதிலுக்கு அவரும் ஏற்றுவார்.

அடுத்தது, விற்பவர்கள் இலவசமாகச் செய்துதரும் ‘சர்வே’. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கூடத்தில் லேப்டாப்போடு நடந்துவிட்டு, பச்சைப் பசேலென்று ஒரு வரைபடத்தை அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். அந்தப் பச்சை காட்டுவது சிக்னல் பலத்தை மட்டும். திங்கட்கிழமை காலை ஸ்டிச்சிங் லைனில் நூற்றுக்கணக்கான பெண்கள் வந்து உட்காருகிறார்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர்; நீர் இந்த அலையை உறிஞ்சும். லாக்கரில் பூட்டிவைத்த போன்கள்கூட வைஃபையைத் தேடிக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். டேனரிக்குள் போனால் மர டிரம்களில் தண்ணீரும் தோலும் சுழல்கின்றன. தோலை இழுத்துப் பிடித்துக் காயவைக்கும் டாகிளிங் பகுதியில் துளையிட்ட உலோகச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே தகரக் கூரை. நீர் விழுங்கியது போக மிச்சத்தை உலோகம் திருப்பி அடிக்கும். கிடங்கோ ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாள் கூரைவரை நிறைந்திருக்கும், மறுநாள் வெறிச்சோடும். ஞாயிற்றுக்கிழமை வரைபடம் இதில் எந்த நாளுக்கானது?

பவரை ஏற்றினால் தீரும் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல மறுப்பு கிடைத்திருக்கிறது. 2000களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கிராமத்துப் பார்வை மையங்களையும் சாதாரண வைஃபை கருவிகளையும் திசை ஆன்டெனாக்களையும் வைத்தே இணைத்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ப்ரூவரின் குழு. கிராமத்து நோயாளியோடு தேனி டாக்டர் வீடியோவில் பேச வேண்டும். இப்படி நீண்ட தூர இணைப்புகளில் அந்தக் குழு கண்ட சிக்கல் என்ன? அனுப்பிய தகவலுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலை வைஃபை மைக்ரோ நொடிக் கணக்கில்தான் எதிர்பார்த்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாக வரும். அனுப்பியவர் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்புவார். எத்தனை வாட் ஏற்றினாலும் இது தீராது, ஏனென்றால் கோளாறு நேரக் கணக்கில் இருக்கிறது. யார் எப்போது பேசுவது என்று முறைவைத்து நேரத்தைப் பங்கிட்டார்கள். வழக்கமான வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு தகவல் போனதாக 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் வெனிசுவேலாவின் மலைச்சிகரங்களுக்கு இடையே 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு போட்டுக் காட்டப்பட்டது. கடைகளில் விற்கும் லிங்க்சிஸ் ரவுட்டர்தான். தடையில்லாத நேர்ப்பார்வையும் பெரிய ஆன்டெனாவும் சேர்ந்து செய்த வேலை.

தேனிக் குழு 2008இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் சுவையானது. கிராமத்து இணைப்புகள் ஏன் செத்துப்போகின்றன என்று ஆராய்ந்தார்கள். பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம் மின்சாரம்: திடீர் உயர் அழுத்தம், குறை அழுத்தம், அடிக்கடி போய் வரும் கரன்ட். ரேடியோவைக் குறைசொல்ல அதிக இடமில்லை. ஆம்பூரிலும் இதைக் கொஞ்சம் மாற்றிப் படிக்கலாம். ஏபிக்கு மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது. அந்தக் கேபிள்கள் வந்து சேரும் பழைய ஸ்விட்ச் ஒரு போர்ட்டில் தருவது 15.4 வாட். புதிய ஏபிகளில் பல அதற்கு மேல் கேட்கும். கிடைக்காவிட்டால் தன் ரேடியோக்களில் சிலவற்றை அடக்கிக்கொண்டு அரை உயிரில் ஓடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கேபிளின் எல்லை 100 மீட்டர். நீளமான ஷெட்களில் அதைத் தாண்டி இழுத்துவிட்டு வைஃபையைத் திட்டுவதும் நடக்கிறது.

ஐபி முகவரிப் பஞ்சமும் அப்படித்தான். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். சின்ன நெட்வொர்க்கின் வழக்கமான அமைப்பில் 254 முகவரிகளுக்குத்தான் இடம். ஒருமுறை கொடுத்த முகவரியை 24 மணி நேரத்துக்கு என்று எழுதிவைத்தால், காலை ஷிப்டில் வந்த போன்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். மதியம் வரும் ஸ்கேனருக்கு நாலு கோடும் ஃபுல், முகவரி இல்லை. இதற்கும் இன்னொரு ஏபிதான் மருந்தாம்!

பெட்டி கூட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருக்கும் குடோனுக்குத் தனிப் பெட்டி வேண்டும். ஆள் கூட்டம் மிகுந்த இடங்களிலும் பெட்டிகள் அதிகம் தேவைப்படும். கிரிக்கெட் மைதானங்களில் நூற்றுக்கணக்கில் வைக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொன்றின் பவரும் குறைக்கப்பட்டிருக்கும், பலவற்றில் 2.4 ரேடியோவே அணைக்கப்பட்டிருக்கும், பாரம் முழுக்க வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போயிருக்கும். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 2.4இல் இருப்பது 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆக, கேள்வி எத்தனை பெட்டி என்பதில் ஆரம்பிக்கவே கூடாது. எந்தச் சேனலில், எவ்வளவு பவரில், எந்தக் கருவிகளுக்காக என்று ஆரம்பித்தால் எண்ணிக்கை தானாக வந்து நிற்கும். சில கூடங்களில் இருப்பதைவிடக் குறைவாகவே வரும்.

இதே முதலாளிகள் தோல் வாங்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தால்தான் எரிச்சல் கூடுகிறது. தடிமனை மில்லிமீட்டரில் கேட்பார்கள். கிழிபடும் வலுவுக்கு ஆய்வகச் சான்று கேட்பார்கள். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம், மேனியில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று விதித்திருப்பதால், அதையும் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். “பார்வைக்கு நல்லா இருக்கு” என்ற பேச்சை நம்பி ஒரு சதுர அடி தோல்கூட அவர்கள் வாங்க மாட்டார்கள். வைஃபையை மட்டும் கோட்டைப் பார்த்து வாங்குகிறார்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரில் அரைப் பக்கம் சேர்த்தால் போதும். சோதனை வேலைநாளில், முழு ஷிப்டும் ஓடும்போது நடக்க வேண்டும். ஸ்கேனர் இருக்கும் இடத்தில் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் குறையாத சிக்னலோடு, அந்தச் சேனல் எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருக்கிறது, எத்தனை சதவீதத் தகவல் மறுபடி அனுப்பப்படுகிறது என்ற இரண்டு எண்களும் எழுத்தில் வர வேண்டும். ஷூவை அச்சில் ஏற்றும் லாஸ்டிங் பிரிவிலிருந்து பேக்கிங் வரை ஒருவர் ஸ்கேனரோடு நடந்துபோக, இணைப்பு அறுந்த இடங்களைக் குறித்துத் தர வேண்டும். ஸ்விட்ச் போர்ட்டுகளின் வாட் கணக்கும் முகவரிக் கணக்கும் கூடவே வர வேண்டும். இவை வந்து சேரும் வரை கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.