வளி ஒருவரது, வினையூக்கி மற்றொருவரது!

மண்ணுள் வளம் கிடந்தால் மட்டும் போதாது. அதனைப் பயன்பொருளாக்கும் அறிவும் அம்மண்ணின் மக்களிடத்தே இருத்தல் வேண்டும். இவ்வுண்மைக்கு ஆப்பிரிக்காவின் நைசர் ஆற்றுக் கழிமுகம் கண்கூடான சான்றாகும். நைசீரிய நாட்டுக்குரிய அப்பகுதியில் கன்னெய் எடுக்குங்கால் உடன் வெளிப்படும் இயற்கை எரிவளியில் ஒரு பகுதி, கொண்டுசெல்லக் குழாயும் கொள்வாரும் இல்லையென்று, ஊர்களின் அருகிலேயே பல்லாண்டுகளாக எரித்து அழிக்கப்பட்டு வருகின்றது. அதனைத் தடுக்க 1979-இல் சட்டம் செய்தனர்; 1984-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நிறுத்துக என்றனர். ஆயின், இசைவு பெற்று எரிக்கலாம் எனப் புறவாயிலையும் திறந்து வைத்தனர். 2005-இல் அந்நாட்டுக் கூட்டரசு உயர்முறை மன்றம், இவ்வெரிப்பு உயிர்வாழும் உரிமைக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. தீயோ இன்னும் முற்றாக அவிந்தபாடில்லை.

எரிவளியை நீர்ம எரிபொருளாக்கும் வழி இல்லாமலா இவ்வழிவு? அன்று! எரிவளியை நீராவியோடோ உயிர்வளியோடோ வினைப்படுத்தினால் கரி ஓருயிரகையும் நீரகமும் கிடைக்கும். அவற்றை ஏறத்தாழ 200 முதல் 240 பாகை வெப்பத்தில் கோபால்ட்டு என்னும் மாழையின் மீது செலுத்தினால், கரியணுக்கள் தொடர்தொடராய்க் கோத்துக்கொண்டு மெழுகும் எண்ணெயுமாகும். மெழுகை நீரகத்தோடு சேர்த்து உடைத்தால் கந்தகம் ஏறத்தாழ அறவே அற்ற டீசல் கிடைக்கும். தான் செலவாகாமலே வினையை விரைவுபடுத்தும் கோபால்ட்டே ஈண்டு வினையூக்கி. சிறிதளவு கந்தகம் கலப்பினும் அது செயலிழக்கும். ஆகலின், எரிவளியைத் தூய்மை செய்தலும் வினையூக்கியை ஆக்கிப் புதுக்குதலுமே இத்தொழிலின் உயிர்நிலை.

இம்முறைக்கு 1925-ஆம் ஆண்டளவில் அடிகோலியோர் செருமனியின் பிசரும் துரோப்சும் ஆவர். கன்னெய் வளம் குன்றிய அந்நாடு தன் நிலக்கரியைக் கொண்டே அதனைக் கற்றது. தென்னாப்பிரிக்காவும் சாசோல்பர்க்கு நகரில் 1955-இல் நிலக்கரியிலிருந்து எண்ணெய் ஆக்கியது. இல்லாதவர் கற்றனர், இருந்தவர் எரியவிட்டனர்!

நைசீரியாவின் எசுக்கிராவோசில் நாளொன்றுக்கு 33,000 பீப்பாய் ஆக்கவல்ல ஆலை 2014-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் அதன் உரிமையில் நூற்றுக்கு 75 பங்கு அமெரிக்கச் செவ்ரான் நிறுவனத்தினது. நைசீரிய அரசு நிறுவனத்தினது 25 பங்கே. ஆக்கமுறையோ தென்னாப்பிரிக்கச் சாசோலினது.

இத்தகைய ஆலைக்குப் பெரும்பொருள் வேண்டுமே என்பார் உளர். உண்மையே. ஆயின் ஆலைச் செலவை எண்ணுவோர், எரிந்தழிந்த வளத்தையும் அருகில் வாழ்வோர் உற்ற நோயையும் எண்ணினரா? சிறு கிணறுகளின் வளியை மின்னாக்கவும் அடுப்பெரிக்கவும் கொள்ளலாம். பெருங்கிணறுகளின் வளியைத் திரட்டி எண்ணெயாக்கலாம். யாவற்றினும் முதன்மையாக, வினையூக்கி ஆய்வை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றச் செய்தல் வேண்டும். ஆலையை விலைக்கு வாங்கலாம். அறிவைக் கற்றே பெறல் வேண்டும். கல்லாத நாடு, தன் வீட்டு விளக்கிற்கும் பிறர் கையை நோக்கியே நிற்கும்.