பாசியின் நீலம் நூலுக்கு ஆகுமா?

சென்ற திங்கள் நெசவாளர் சங்கமொன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுக்கும் நீலப்பொடியை நூற்சாயத்திற்காகச் சங்கப் பணத்தில் வாங்கலாமா என்பது அன்றைய விவாதம். பொடியின் நிறமோ கண்ணைப் பறித்தது. ஆயினும் வாங்கலாகாது என்பதே எனது அபிப்பிராயம். காரணத்தை அங்கத்தினர் அனைவரும் அறிதல் நன்று.

அந்நீலத்தின் பெயர் பைக்கோசயனின். அது புரதத்தோடு பிணைந்த நிறமி. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பொளியையும் நன்கு ஏற்கும். இடைப்பட்ட பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஒளியில் பெரும்பகுதியை விட்டுவிடும். விட்டதைப் பிடிக்கவே பாசி இத்தகைய நிறமிப் புரதங்களை வைத்திருக்கிறது. சில இனங்களில் பைக்கோஎரித்ரின் பச்சை ஒளியைப் பற்றும். பைக்கோசயனின் ஆரஞ்சு ஒளியைப் பற்றும். பற்றிய ஆற்றலை அல்லோபைக்கோசயனின் வாங்கிப் பச்சையத்திடம் சேர்ப்பிக்கும். வழியில் வீணாவது மிகச் சொற்பம்.

ஆனால் முட்டையின் வெண்கரு சூட்டில் திரிவதுபோல, ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேல் இப்புரதமும் குலையும், நீலம் மங்கும். வெயிலிலும் வெளுக்கும். சுடுநீர்ச் சாயத்தொட்டிக்கும், கொடியில் உலரும் சேலைக்கும் இது எவ்வாறு பொருந்தும்? மிட்டாய்க்கு நிறமூட்ட இந்நீலச்சாற்றை அமெரிக்க அரசு 2013இல் அனுமதித்தது. அத்தகைய பணிக்கு அது தகும், கெட்டிச்சாயமாகத் தகாது.

நிற்க. உழவர் அங்கத்தினர்க்கு நீலப்பச்சைப் பாசி பெருஞ்செல்வம். நெல்வயல்களில் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்துவதில் இப்பாசிகளுக்குள்ள பங்கை பி. கே. டே 1939இல் எடுத்துக்காட்டினார். அவ்வேலைக்கு வேண்டிய மிகுந்த ஆற்றலை ஒளியே தருகிறது. பயிரின் நிழலில் மிஞ்சும் ஒளியையும் இந்நிறமிகள் வீணாக விடுவதில்லை.

ஆழமற்ற தொட்டியில் மண்ணும் நீரும் சூப்பர் பாஸ்பேட்டும் இட்டு, பாசிவித்தைத் தூவி வளர்த்துக் காயவைக்கலாம். நடவாகிப் பத்தாம் நாள், நீர் நிற்கும் வயலில் எக்டருக்கு 10 கிலோ தூவுவது வழக்கம். இது யூரியாவுக்கு முழு மாற்று அன்று. செலவைக் குறைக்கும் துணையே. தனி ஒருவர்க்குத் தொல்லையான இவ்வேலை, சங்கத்தின் பொதுத்தொட்டியில் எளிதாகும்.

ஆகவே, உழவர் சங்கங்கள் தொட்டி கட்டுக. நெசவாளர் சங்கங்களோ, எப்புதிய சாயமாயினும் முதலில் ஒரு சிட்டம் நூலில் ஏற்றி, சோப்பு நீரில் அலசி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்துப் பார்க்க. தீர்மானம் அதன் பின்னர் இயற்றலாம்.