சுவரில் தொடங்கிய சித்திரம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் பழமொழி. உடல் நலத்தைப் பேணுக என்பதற்கே இது பெரிதும் வழங்குகின்றது. ஓவியர் சிலர்க்கோ இது சொல்லளவிலேயே பொருந்தும். அவர்தம் முதல் ஏடு வீட்டுச் சுவரே.

ஓவியர் இரவிவர்மா 1848ஆம் ஆண்டு கேரள நாட்டுக் கிளிமானூரில் பிறந்தார். இளமையில் அவர் கரித்துண்டால் அரண்மனைச் சுவர்களில் உருவங்களைக் கிறுக்குவார் என்பர். தாய்மாமன் இராசராசவர்மா ஓவியம் பயின்றவர். அவர் சுவரின் கறையைக் கண்டு வெகுளவில்லை; கோட்டின் உறுதியைக் கண்டு வியந்தார்; தாமே முதல் ஆசிரியரானார். பதினான்காம் அகவையில் மருகனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெறச் செய்தார்.

ஆயினும், ஆதரவு மட்டுமே ஒருவரை ஓவியராக்கிவிடாது. எண்ணெய் வண்ணம் தீட்டும் முறை அந்நாளில் நம்மவர்க்குப் புதிது. அறிந்தோர் கற்பிக்கத் தயங்கினர். 1868ஆம் ஆண்டு அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் மேனாட்டு ஓவியரும், தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். இளைஞர் கண்ணால் கற்றார். கையால் விடாது முயன்றார். 1873ஆம் ஆண்டு வியன்னா நகரக் கண்காட்சியில் அவர்தம் ஓவியம் பரிசு பெற்றது. பின்னர் மன்னர் பலர் அவரை அழைத்து ஓவியம் வரைவித்தனர். சிறுவனின் கிறுக்கல் வாழ்க்கைத் தொழிலாயிற்று. 1894ஆம் ஆண்டு பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் வாயிலாக, அவர் படங்கள் எளியோர் இல்லங்களையும் அடைந்தன.

ஈண்டு என் பிழை ஒன்றையும் கூறுதல் வேண்டும். ஒருநாள் யான் இலக்கணம் நடத்துகையில், மாணவன் ஒருவன் குறிப்பேட்டின் ஓரத்தில் என் உருவத்தை வரைந்துகொண்டிருந்தான். சினம் மிகுந்து அத்தாளைக் கிழித்தேன். என் மூக்குக்கண்ணாடி சற்றே சரிந்திருப்பதையும் அவன் வழுவாது வரைந்திருந்தமை, தாள் இரண்டான பின்னரே என் கண்ணிற்பட்டது. பாடத்தைக் கவனி என்று கண்டித்தது முறையே. தாளைக் கிழித்தது முறையன்று. அதன்பின் அவன் எதையும் வரைய யான் கண்டிலேன்.

மாணவர்களே! கிறுக்கும் கையெல்லாம் ஓவியக் கை ஆகிவிடாது. அதற்கு இடைவிடாப் பயிற்சி வேண்டும். அஃது உங்கள் கடமை. முளையிலேயே அதனைக் கிள்ளாதிருத்தல் பெரியோர் கடமை. நாளை நீங்களும் பெற்றோராவீர், ஆசிரியராவீர். அன்று உங்கள் வீட்டுச் சுவரில் கரிக்கோடு ஒன்றைக் கண்டால், அழிக்குமுன் ஒருமுறை உற்று நோக்குங்கள்.